குடம் மட்டும் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை: டிவியில் பதிந்த வீடியோக்களின் வால்யூம்

பாளையங்கோட்டைக்காரன்:
எங்கள் சுடலைமாடன் கோவில் கொடை விழாவை லோக்கல் கேபிளில் நேரலையாகப் போட்டார்கள். மும்பையில் இருக்கும் சித்தப்பாவுக்காக, செட்டாப் பாக்ஸ் ஏவி வயரை யூஎஸ்பி கேப்சரில் (டிவி சிக்னலைக் கணினிக்குள் ஏற்றும் சின்னக் கருவி) மாட்டி லேப்டாப்பில் பதிந்தோம். வில்லுப்பாட்டு வந்ததும்தான் வில்லங்கம். வால்யூமைக் கூட்டினால் வில்லோடு சேர்த்துத் தட்டும் குடத்தின் சத்தத்தில் சன்னல் அதிருகிறது. குறைத்தால் புலவருக்கு வாய் மட்டும் அசைகிறது.

ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் மென்பொருளில் நார்மலைஸ் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் செய்யாது. மொத்தக் கோப்பில் எது அதிக உயரமோ அதைத்தான் நார்மலைஸ் பார்க்கும். குடம் ஏற்கெனவே டிஜிட்டல் சத்தத்தின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தொட்டு நிற்கிறது. அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. உச்சியை அமுக்கினால்தான் மற்றதைத் தூக்க முடியும். அதற்குக் கம்ப்ரெஸர்: திரெஷோல்ட் −20 (இதைத் தாண்டும் சத்தத்தைத்தான் அமுக்கும்), ரேஷியோ 4:1 (தாண்டியதில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும்). குடத்து அடி சட்டென்று வந்து போவதால் அட்டாக் (அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) குறைவாக இருக்க வேண்டும். ரிலீஸை (அமுக்கியதை விட எடுத்துக்கொள்ளும் நேரம்) மட்டும் ரொம்பக் குறைத்துவிடாதீர்கள்; அடிக்கும் அடிக்கும் நடுவில் ஜெனரேட்டர் இரைச்சல் பொங்கிப் பொங்கி வரும். கடைசியில் லிமிட்டரை (எந்தச் சத்தமும் தாண்டாமல் தடுக்கும் கூரை) −1இல் வைத்து மொத்தத்தையும் ஏற்றினேன். இப்போது உடுக்கையும் கேட்கிறது, கதையும் புரிகிறது.

அம்பைக்காரி:
அண்ணாச்சி, எங்கள் கதை வேறு. மாமா அந்தக் காலத்தில் தூர்தர்ஷனை விசிஆரில் பதிந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உண்டு. அது மோனோ விசிஆர், ஆடியோவுக்கு ஒரே துளை. டிஜிட்டல் ஆக்கியபோது இடது காதில் மட்டும் சத்தம். மாற்றித் தந்த கடையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோ ஆக்கிவிட்டார்கள். வெறும் பக்கத்தோடு சராசரி எடுத்தால் சத்தம் பாதி, அதாவது 6 டெசிபல் போய்விடும். வலது பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இடதையே இரண்டுக்கும் கொடுத்தால் போதும்.

அப்புறம், பழைய டேப்பில் வால்யூமை ஏற்றினால் 'உஸ்' சத்தமும் கூடவே ஏறும். யாரும் பேசாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டி முதலில் இரைச்சலைக் குறைத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். அதையும் கொஞ்சமாகத்தான். அதிகமானால் ஆள் தண்ணிக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

வள்ளியூர் வாசகன்:
விளம்பரம் வந்தால் அலறுகிறது, நாடகம் வந்தால் முனங்குகிறது என்று எங்கள் ஆச்சிக்கு ஒரே குறை. அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் லவுட்னார்ம் என்ற ஃபில்டர் இருக்கிறது. அது உச்சியைப் பார்க்காமல் காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் கொண்டுவந்த ஆர்128 கணக்கு அது, அவர்களுக்கு −23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு). வீட்டில் பார்க்க நான் −16 வைக்கிறேன். வீடியோவை 'காப்பி' என்று கொடுத்துவிட்டால் படத்தின் தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆடியோவின் சாம்பிள் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது என்ற எண்ணிக்கை) 48,000 ஹெர்ட்ஸ் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அது தானாக எங்கேயோ ஏறிப்போய், சில டிவிகளில் ஓடாமல் நிற்கும்.

பதியும்போதே உடைந்து கரகரத்த சத்தத்துக்கு இது எதுவும் உதவாது. அலையின் தலை வெட்டுப்பட்டால் பட்டதுதான். கேப்சர் பண்ணும்போதே உச்சி −6 பக்கம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
சரி தம்பி, −16 போட்டே சித்தப்பாவுக்கு அனுப்பியாச்சு. அடுத்த கொடைக்குக் கேபிளை நம்பாமல், மைக்செட் அண்ணனிடமே ஒரு வயர் கேட்கலாம் என்று இருக்கிறோம்.