பெயில் கிடைத்த பிறகும் 23 நாள்

என் தம்பி விசைத்தறி ஓட்டுபவன். தெருச் சண்டை ஒன்றில் அவன் பெயரையும் சேர்த்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் ஊரைச் சொல்லவில்லை.

முதல் தடவை மனு போட்டுப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்துகிறோம். விசாரணைக் கைதிக்குச் சீருடை கிடையாது. பிடித்துப்போன அன்று போட்டிருந்த நீலச் சட்டையோடுதான் நின்றான். இடுப்பைத் தடவிக் காட்டினான். அம்மா கட்டிவிட்ட அரைஞாண் கயிற்றை உள்ளே போகும்போதே அறுத்துவிட்டார்களாம். சாப்பாடு, தூக்கம் எதையும் சொல்லவில்லை, அதைத்தான் முதலில் சொன்னான்.

15 நாள் முடிந்து காவல் நீட்டிப்புக்குக் கோர்ட்டுக்குக் கூட்டி வருவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துவிடலாம் என்று அம்மா காத்திருந்தார். வீடியோவிலேயே முடித்துவிட்டார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள், "இருக்கேன் ஐயா" என்றானாம். அவ்வளவுதான்.

19-ஆம் நாள் பெயில் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும், ஒருவர் ரத்த உறவு. சரி, நான் இருக்கிறேன். இன்னொருவருக்குச் சொந்த வீடும் வரி ரசீதும் வேண்டுமாம். எங்கள் தெரு முழுக்க வாடகை வீடு. தறி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இப்படியே 23 நாள் போனது. அவன் செய்த குற்றத்துக்கு இல்லை, எங்களிடம் ஒரு ரசீது இல்லாததற்கு.

கடைசியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுத்து, நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டார்கள். பெயில் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளரே ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. யாராவது இதே நிலையில் இருந்தால் எட்டாம் நாளே அங்கே போய் நில்லுங்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் கோட்டை விட்டது வேறு இடத்தில். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் பெயில் உரிமையாகவே கிடைக்கும், பெரிய குற்றம் என்றால் 90 நாள். ஆனால் நாம் மனு போட்டால்தான் உண்டு. 61-ஆம் நாள் எங்கள் வக்கீல் "நாளைக்குப் போடலாம்" என்றார். மறுநாள் காலையில் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டது. எங்கள் அண்ணன் அப்புறம் நான்கு மாதம் உள்ளே இருந்தார்.