மழையே இல்லை, தகரம் ஒழுகுது! பாகுக் கொட்டகைக்குச் சாய்ப்பு இறக்கியவர்கள் உதவுங்கள்

தட்டோன் பனங்காட்டான்:
பர்மாவில் தட்டோனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பதநீர் காய்ச்சிப் பாகு எடுக்கிற கொட்டகை இருக்கிறது, தாத்தா காலத்து ஓலைக் கூரை, அவர் விடிலி என்றுதான் சொல்வார். பதநீர் காய்ச்சுகிற அகலச் சட்டி, அதான் தாச்சி, இரண்டாவது ஒன்று வைக்க இடம் போதாமல் மேற்குப் பக்கம் கொட்டகையை ஒட்டிச் சரிவாகப் பன்னிரண்டுக்குப் பத்தடி சாய்ப்பு இறக்கினோம். நான், மச்சான், பையன்கள் இரண்டு பேர், நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. கால் எல்லாம் பிங்காடோ மரம். பொறி பறந்து தீப்பிடித்துவிடும் என்று பழைய ஓலையையும் பிரித்து முழுக்கத் தகரம் போட்டுவிட்டோம், குளிருக்குச் சுற்றிலும் படுதா கட்டினோம்.

இப்போது தை மாசம், சொட்டு மழை கிடையாது. ஆனால் விடியற்காலை அடுப்பு மூட்டி அரை மணி நேரத்தில், இரண்டு கூரையும் சேருகிற இடத்திலிருந்து சரியாகத் தாச்சிக்குள்ளேயே சொட்டுகிறது. பத்து மணிக்கு மேல் குறைந்துவிடும். பனி இறங்குகிறது என்று நினைத்து ஆணி ஓட்டைகளை மூன்று தடவை தார் வைத்து அடைத்தாச்சு. பொங்கல் அன்று ஆறவைத்த பாகு பத்தே நாளில் நுரை கட்டிப் புளித்துவிட்டது. அப்பா வேறு "ஓலையைப் பிரிக்காதேன்னு சொன்னேன்" என்று தினமும் நாலு தடவை சொல்கிறார். தகரத்தை மாற்றணுமா?

ரங்கூன் வாசி:
தகரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிவிடுங்கள் அண்ணே, செலவு குறைவு.

மோல்மேன் அக்கா:
அய்யோ, அடுப்புக்கு மேலே பிளாஸ்டிக்கா? வேண்டாம்.
தம்பி, ஒரு கேள்வி. அடுப்பு மூட்டாத நாளில் சொட்டுகிறதா? அப்புறம், பாகு மேலே மட்டும் நுரைத்து அடியில் கெட்டியாக இருந்ததா?

தட்டோன் பனங்காட்டான்:
மூட்டாத நாளில் இல்லை அக்கா, இப்போதுதான் யோசிக்கிறேன். பாகும் நீங்கள் சொன்ன மாதிரிதான், மேலே ஒரு விரல் அளவுக்கு நீர்த்திருந்தது.

மோல்மேன் அக்கா:
அப்படியென்றால் அது பனி இல்லை, உங்கள் பதநீர்தான். 60 லிட்டர் காய்ச்சிப் பாகாக இறக்கினால் சுமார் 50 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகணும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஓலையாக இருந்தபோது இடுக்கு வழியே வெளியேறியது. தகரம் விடியற்காலையில் சில்லென்று இருக்கும், ஆவி பட்டதும் நீராகித் தாழ்வான இடத்துக்கு ஓடிவந்து சொட்டும். வெயில் ஏறித் தகரம் சுட்டதும் நின்றுவிடுகிறது, பார்த்தீர்களா? ஓட்டையை அடைக்க அடைக்க இன்னும் மோசமாகும். 104 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி இறக்கிய பாகு சுலபத்தில் புளிக்காது, ஆனால் மேலே சொட்டுத் தண்ணீர் நின்றால் அந்த நீர்த்த இடத்தில்தான் புளிப்பு ஆரம்பிக்கும். இறக்கியதை அந்தக் கூரைக்குக் கீழே ஆறவைக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

பெகு ஆசாரி:
அக்கா சொன்னது சரி. தகரத்தை மாற்ற வேண்டாம், முகட்டில் அடுப்புக்கு நேர்மேலே ஆறடி நீளத்துக்குத் திறந்துவிட்டு, ஒரு சாண் உயரத்தில் சின்னக் கூரை ஒன்று வையுங்கள், இரண்டு பக்கமும் ஓரடி நீட்டிக்கொண்டு இருக்கட்டும். படுதாவைக் கீழே முழங்கால் அளவுக்குச் சுருட்டிக் கட்டணும். கீழே காற்று நுழையாவிட்டால் மேலே எவ்வளவு திறந்தாலும் ஆவி போகாது. புகைக்குழாயை இதோடு சேர்க்காதீர்கள், தனியாகவே போகட்டும்.

தட்டோன் பனங்காட்டான்:
நேற்று மச்சான் முகட்டைத் திறந்துவிட்டார். தன் வேலையில் குறை சொல்கிறோம் என்று முதலில் முகம் தூக்கினார், பிறகு தானே ஏணியில் ஏறினார். இன்று காலை ஆவி புசுபுசுவென்று மேலே போனது, எதிரே நின்ற பெரியவன் முகம் தெரிந்தது! தாச்சியில் சொட்டு விழவில்லை, தெற்கு மூலையில் மட்டும் கொஞ்சம் கசிகிறது, அதற்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுமே, அந்தத் திறப்பு தாங்குமா?

பெகு ஆசாரி:
பதநீர்ப் பருவம் முடிந்ததும் மூடிக்கொள்கிற மாதிரி கீல் வைத்த பலகை போடுங்கள். கீல் மேற்குப் பக்கம், திறப்பு கிழக்கே பார்க்கணும். மாற்றி வைத்தால் தென்மேற்குக் காற்று வைகாசியிலேயே பலகையைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் போட்டுவிடும்.