ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ்: இலக்கத்துக்கு ஒரே ஒரு வீரர் என்றால் 7, 9, 27 யாருக்கு?

பாலையூற்றான்:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் ஐஸ் ஹொக்கியை யார் பார்க்கின்றார்கள் என்று வியப்பவர்கள், கனடாவில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இல்லாத வீட்டை எங்கள் ஒழுங்கையில் தேடிப் பார்க்கட்டும். அங்கிருந்து வந்த நீலநிற ஜேர்சிகள் மூலமாகவே எங்களில் பலர் மேப்பிள் லீவ்ஸ் அணியை அறிந்துகொண்டோம். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எமக்கு அதிகாலை 5.30 மணிக்கு வருவதால், வேலைக்குப் புறப்படுமுன் அதன் பெரும்பகுதியைப் பார்த்துவிடவும் முடிகின்றது.

இப்போது எங்கள் நண்பர் வட்டம் 1 முதல் 99 வரை ஒவ்வொரு ஜேர்சி இலக்கத்துக்கும் அந்த அணியின் மிகச் சிறந்த ஒருவரைத் தெரிவு செய்து ஒரு பட்டியலை ஆக்கிக்கொண்டிருக்கின்றது. மற்ஸ் சன்டினின் 13, டேவ் கியோனின் 14, வென்டல் கிளார்க்கின் 17, போரியே சல்மிங்கின் 21, டக் கில்மரின் 93 ஆகியவற்றில் எவருக்கும் மாற்றுக் கருத்து எழவில்லை. தொடர்ந்து மூன்று பருவகாலங்களில் ஐம்பதுக்கு மேல் கோல் போட்ட ரிக் வைவுக்கு 22 போய்ச் சேர்ந்தது. சிக்கல் எங்கே என்றால், கழகமே இரண்டு பேரின் பெயரில் ஓய்வளித்திருக்கும் (இனி எவரும் அணியாதபடி ஒதுக்கிவைத்திருக்கும்) இலக்கங்களில்தான். 2016 ஒக்ரோபரில், நூறாவது ஆண்டைக் கொண்டாடத் தொடங்கிய லீவ்ஸ் கழகம், அதுவரை கௌரவித்து மட்டும் வைத்திருந்த இலக்கங்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் ஓய்வளித்தது. அப்போது 1, 4, 7, 9, 10, 27 ஆகிய ஒவ்வொன்றுக்கும் இருவர் இருவராகப் பெயர் பொறித்து, யார் பெரியவர் என்ற கேள்வியிலிருந்து கழகம் நழுவிக்கொண்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே: அந்த இலக்கத்தோடு, லீவ்ஸ் ஜேர்சியில் செய்தது மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். வேறு அணியில் வென்ற கிண்ணமும், பயிற்றுநராக அடைந்த புகழும், ஆட்டத்துக்கு வெளியே ஈட்டிய பெயரும் சேராது. இந்த விதி சரியானதா என்பதையும், இரட்டைப் பெயர் கொண்ட இலக்கங்களுக்கு உங்கள் தெரிவு யார் என்பதையும் காரணத்துடன் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்றைய வீரர்களில் 34 ஒஸ்ரன் மத்தியூசுக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023-24 பருவகாலத்தில் 69 கோல்கள் போட்டவருக்கு அந்த இலக்கத்தில் போட்டியாளர் எவருமில்லை. ஆனால் 16ஐ மிச் மார்னருக்குக் கொடுக்கலாமா என்பதில் பெரும் பிணக்கு நிலவுகின்றது.

நிலாவெளியார் (ஸ்காபரோ):

தம்பி, விதி நல்ல விதி. அதை வைத்தே 7ஐ முதலில் தீர்க்கலாம். 1930ல் லீவ்ஸ் கழகத்தை நடத்திவந்த கொன் ஸ்மைத் 35,000 டொலரும் இரண்டு வீரர்களும் கொடுத்து ஒட்டாவாவிடமிருந்து கிங் கிளான்சியை வாங்கினார். அந்தப் பணத்தின் ஒரு பகுதி அவருடைய பந்தயக் குதிரை வென்று கொடுத்தது. 1932ல் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் வந்தது. கதையாகப் பார்த்தால் கிளான்சியை வெல்ல ஆளில்லை. ஆயினும் டிம் ஹோர்ட்டன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தப் பின்களத்தைத் தாங்கினார். 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு கிண்ணங்களிலும் பங்குகொண்டார். 1961 முதல் 1968 வரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 486 ஆட்டங்கள் ஆடினார். இங்கே நம்மவர்கள் காலையில் வரிசையில் நிற்கும் கோப்பிக்கடையின் பெயர் அவருடையது என்பதற்காக அல்ல (அதை உங்கள் விதி தள்ளிவிடுகின்றது), அந்த 486 ஆட்டங்களுக்காகவே 7 அவருக்கு உரியது.

பிராங்க் மகோவ்லிச், டரில் சிட்லர் இருவரும் அணிந்த 27 தான் கடினமானது. நான் சிட்லரைச் சொல்வேன். 1976 பெப்ரவரி 7ஆம் திகதி பொஸ்ரனுக்கு எதிராக 11–4 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஆறு கோல்கள் போட்டு நான்கு கோல்களுக்கு உதவினார். ஓர் ஆட்டத்தில் பத்துப் புள்ளிகள் என்ற அந்தச் சாதனையைத் தேசிய ஹொக்கி லீக்கில் இன்றுவரை எவரும் எட்டவில்லை. வெய்ன் கிரெட்ஸ்கியாலும் எட்டுக்கு மேல் போக முடியவில்லை. அதே பருவகாலத்தில் லீவ்ஸ் வீரர்களில் முதன்முதலாக நூறு புள்ளிகளைத் தொட்டவரும் அவரே. அந்த ஆண்டு கனடா கிண்ண இறுதியில் மேலதிக நேரத்தில் அவர் போட்ட வெற்றிக் கோலை, விதிப்படி, நானே விலக்கிவிடுகின்றேன்.

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உங்கள் பட்டியலுக்குத் தேவைப்படும். 1979 டிசம்பரில் நிர்வாகம் சிட்லரோடு மோதியது. ஒப்பந்தத்தின்படி அவரது சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாத நிலையில், அவருடைய நெருங்கிய நண்பர் லானி மக்டொனல்டைக் கொலராடோவுக்கு அனுப்பியது. சிட்லர் தமது ஜேர்சியில் அணித்தலைவரைக் குறிக்கும் எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு ஆடினார். அந்தக் கைமாற்றத்தில் ரொறன்ரோவுக்கு வந்த இருவரில் ஒருவரான வில்ப் பெய்மென்ற் அணிந்த இலக்கம் 99. அடுத்த பருவகாலத்தில் 97 புள்ளிகள் எடுத்தார். 2000ஆம் ஆண்டில் கிரெட்ஸ்கிக்காக லீக் முழுவதிலும் 99 ஓய்வு பெற்றதால் அதை வெறுமையாக விட்டிருப்பீர்கள் என்று நினைக்கின்றேன். விட வேண்டாம், லீவ்ஸ் அணியில் அதற்கு உரியவர் இருக்கின்றார்.

ஓர்ஸ் ஹில் வாசகி:

அண்ணா எழுதிய வரலாறு அருமை, 99 பற்றிய தகவலுக்கு நன்றி. எனினும் 27 குறித்து அவரோடு உடன்பட முடியவில்லை. ஓர் இரவின் பத்துப் புள்ளிகளை மகோவ்லிச் வென்ற நான்கு ஸ்டான்லி கிண்ணங்களுக்கு மேலாக வைப்பது நியாயமாகாது. அவர் 1960-61ல் போட்ட 48 கோல்கள், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கழகத்தின் சாதனையாக நின்றன; 1982ல் தான் வைவ் அதைக் கடந்தார். 1962ல் சிகாகோ அணியின் உரிமையாளர் இந்த ஒருவருக்காகப் பத்து இலட்சம் டொலர் தர முன்வந்ததும், மறுநாள் லீவ்ஸ் அதை மறுத்ததும் அக்காலத்தில் அவருக்கிருந்த மதிப்பைக் காட்டும். மொன்றியலில் அவர் பின்னர் வென்ற இரண்டு கிண்ணங்களை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும். சிட்லர் விலகிச் சென்றபோது கழகத்தின் கோல், புள்ளி இரண்டிலும் முதலிடத்தில் இருந்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் காலத்தில் ஒரு கிண்ணமேனும் வரவில்லை.

உங்கள் விதியின் அருமை இலக்கம் 4ல் வெளிப்படுகின்றது. ஹப் டே 1932ல் அணித்தலைவராகக் கிண்ணம் வென்றவர். ஆனால் மக்கள் அவரைப் போற்றுவது பெரும்பாலும் பயிற்றுநராக வென்ற ஐந்து கிண்ணங்களுக்காக. அவை இங்கே கழிந்துவிடுகின்றன. ரெட் கெலிக்கும் டெற்ரொயிற்றில் வென்ற நான்கு கழிந்துபோகும். இருந்தும் ரொறன்ரோவில் மேலும் நான்கு அவருக்கு மிஞ்சுகின்றன. பின்கள வீரராகப் பெயரெடுத்தவர் இங்கு வந்து நடுக்கள முன்னணி வீரராக மாறி, இடையில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டே அவற்றை வென்றார். ஆகவே 4 கெலிக்கு.

9 ரெட் கெனடிக்கு. சார்லி கொனாக்கர் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரர், 1930களில் லீக்கிலேயே முதலிடத்தில் நின்றவர். ஆனால் கெனடி ஐந்து கிண்ணங்கள் வென்றதோடு, 1955ல் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரருக்கான ஹார்ட் விருதையும் பெற்றார். அவருக்குப் பின் அவ்விருதைப் பெற லீவ்ஸ் அணியில் ஒருவர் வருவதற்கு 2022ல் மத்தியூஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

10ல் எனக்குத் தயக்கமுண்டு. சில் அப்ஸ் 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் கோலூன்றிப் பாய்ந்தவர் என்பது விதிக்கு வெளியே போய்விடுகின்றது. எனினும் 1942 இறுதித் தொடரில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற பின்னர் அடுத்த நான்கையும் வென்ற அணிக்குத் தலைவர் அவரே. ஸ்டான்லி கிண்ண இறுதியில் வேறெந்த அணியும் அப்படி மீண்டதில்லை. ஜோர்ஜ் ஆம்ஸ்ரோங் பன்னிரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்து, கழகத்தில் எவரையும்விட அதிக ஆட்டங்கள் ஆடி, 1967ல் மொன்றியலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசிக் கோலையும் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் ரொறன்ரோவுக்கு வரவேயில்லை. என் வாக்கு, சிறிய வித்தியாசத்தில், அப்ஸுக்கு.

கோல்வாசல்:

இலக்கம் 1 பற்றி எவரும் எழுதாததால் எழுதுகின்றேன். உதைபந்தாட்டத்தைப் போல ஹொக்கியில் இலக்கத்தை வைத்து ஆடும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கோல் காப்பாளரின் 1 மட்டும் பழைய மரபில் அப்படி நிலைத்தது. ரேர்க் புரோடா ஆயுள் முழுவதும் ஒரே அணி, ஐந்து கிண்ணங்கள், இடையில் போருக்குப் போய் வந்தவர். 1949ல் ஸ்மைத், 190 இறாத்தலுக்குக் கீழே எடையைக் குறைத்தால்தான் ஆட விடுவேன் என்று பகிரங்கமாகக் கட்டளையிட, குறைத்துக்கொண்டு வந்து, திரும்பிய ஆட்டத்தில் ஒரு கோலையும் விடாதவர். ஜோனி போவர் 33 வயதில், கீழ்நிலை லீக்குகளில் காலத்தைக் கழித்த பின்னர், 1958ல் வந்து நான்கு கிண்ணங்கள் வென்றார். அதுவும் பெரும்பாலும் முகக்கவசமில்லாமல். மனம் போவரிடம் போகின்றது, கணக்கு புரோடாவிடம் போகின்றது. நீங்கள் கேட்டது கணக்கு என்பதால் புரோடா.

6ஐயும் கவனியுங்கள். ஏஸ் பெய்லி 1933 டிசம்பரில் பொஸ்ரனில் எடி ஷோர் மோதியதில் தலையில் படுகாயமடைந்து, பின்னர் ஆடவே முடியாமற் போனவர். அவருக்காகவே லீக்கில் முதன்முதலாக ஓர் இலக்கம் ஓய்வு பெற்றது. ஆனால் 1968ல் பெய்லியே கேட்டுக்கொண்டதன் பேரில் ரொன் எலிஸ் அதை அணிந்து நீண்ட காலம் ஆடினார். விதியைக் கறாராகப் பிடித்தால் எலிஸின் பக்கமே தராசு சாயும். அனுதாபத்துக்குப் பட்டியலில் இடமுண்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாலையூற்றான்:

மூவருக்கும் மிக்க நன்றி. 7 ஹோர்ட்டன், 9 கெனடி, 4 கெலி, 1 புரோடா, 99 பெய்மென்ற் என்று எழுதிவிட்டோம். 10 அப்ஸுக்கே என்று எங்கள் வட்டத்திலும் பெரும்பான்மை.

6ஐப் பெய்லிக்கே விடுகின்றோம், அனுதாபத்தினால் அல்ல. 1928-29ல் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் அவர். எலிஸின் நீண்ட சேவையில் அப்படியொரு பருவகாலம் இல்லை. 5ல் பில் பரில்கோ பற்றி எவரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. மொன்றியலுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களும் மேலதிக நேரத்துக்குப் போன 1951 இறுதித் தொடரில் கிண்ணத்தை வென்று கொடுத்த கோலைப் போட்டு, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் விமான விபத்தில் மறைந்தவரிடமிருந்து அந்த இலக்கத்தை யார் எடுப்பது?

16ஐப் பொறுத்தவரை, மார்னர் 2025ல் வேகஸ் அணிக்குப் போய்விட்டார் என்ற கோபத்தைத் தவிர வேறு எதிர்வாதம் எதையும் எங்கள் ஆட்கள் முன்வைக்கவில்லை. பிளே ஒப் எனப்படும் கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில் அணி தடுமாறியதை அவர் ஒருவர் தலையில் கட்டுவதும் முறையல்ல. லீவ்ஸ் ஜேர்சியில் செய்ததே கணக்கு என்று விதி வைத்தபின், விட்டுச் சென்றதைக் கணக்கில் எடுக்க இடமில்லை. ஆகவே 16 மார்னருக்கு.

27 மட்டும் இன்னும் தீரவில்லை. நிலாவெளி அண்ணாவின் வாதத்தைக் கேட்டால் சிட்லர், ஓர்ஸ் ஹில் அக்காவின் வாதத்தைக் கேட்டால் மகோவ்லிச் என்று ஊசலாடுகின்றோம். ஆறு அணிகள் மட்டுமே இருந்த லீக்கில், பலமான சக வீரர்களோடு வென்ற நான்கு கிண்ணங்களில் தனியொருவரின் பங்கு எவ்வளவு என்று யாரேனும் பிரித்துக் காட்டினால், அதை வைத்தே முடிவெடுப்போம்.