மறு: கூற்றில் ஏறாத அட்டைச் செலவுக்கு ஒரு சொல்

வணக்கம்.

கேள்வி இதுதான்: கடனட்டையால் வாங்கியாயிற்று, ஆனால் வங்கி மாதாமாதம் அனுப்பும் கூற்றில் (கணக்குப் பட்டியலில்) இன்னும் ஏறவில்லை; அந்தச் செலவை எப்படிச் சொல்வது? அதற்கு ஐயா முன்வைத்த 'அட்டுறு செலவு' (ஏற்பட்டும் இன்னும் கட்டாத செலவு) கணக்கியல் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும். ஆனால் நாங்கள் சொல் தேடுவது வீட்டுப் பாதீட்டுத் தாளுக்கு. அதை நிரப்பப்போகிறவர்கள் எல்லோரும் வர்த்தகப் பிரிவில் படித்தவர்கள் அல்லர். 'நிலுவை'யும் சரிவராது, அதைக் கேட்டதும் தவணை தப்பிய காசுதான் நினைவுக்கு வரும். இங்கே தவணை இன்னும் வரவேயில்லை.

என் முன்மொழிவு: அட்டைக் கைமாற்று.

அயலில் கைமாற்று வாங்கினால் வட்டியில்லை. சொன்ன நாளில் முழுதாகத் திருப்ப வேண்டும், திருப்பினால்தான் அடுத்த முறை வாய் திறந்து கேட்கலாம். கடனட்டையும் அப்படித்தான். கூற்றுத் திகதி 15 என்று வையுங்கள். 16ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் 60,000 ரூபாவுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கினால் அது அடுத்த மாதக் கூற்றில்தான் ஏறும். கட்ட வேண்டிய நாள் அதற்கும் இரண்டு மூன்று கிழமை கழித்து. அதுவரை அந்த 60,000 கணக்கில் அப்படியே கிடக்கும். மீதியைப் பார்க்கிறவர் தன் காசென்று நம்பி நல்லூர்த் திருவிழாக் கடைகளில் லங்கா கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியால் ஸ்கான் பண்ணிச் செலவழித்துவிடுவார். அது கணக்கிலிருந்து உடனே கழிந்துவிடும் காசு. பிறகு கூற்று வரும்போது கையைப் பிசைய வேண்டியதுதான். ஆகவே தாளில் மீதிக்குப் பக்கத்தில் கைமாற்று என்று ஒரு நிரல். கழித்து வருவதே செலவழிக்கக்கூடிய காசு.

வங்கி என்ன சொந்தமா, கைமாற்றுத் தர என்று கேட்பீர்கள். சும்மா தரவில்லை, கடைக்காரரிடம் தரகு எடுக்கிறது.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் கைமாற்று அந்த இடத்திலேயே கடனாகிவிடும். மிச்சத்துக்கு மட்டுமல்ல, பொதுவாகப் புதிதாக வாங்குபவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்குப் போட்ட 18 வீத உச்சவரம்பு 2022இல் போய்விட்டதால் இந்தப் பிரிகோடு இன்னும் முக்கியம். கடனட்டையால் ஏ.ரி.எம்.மில் எடுக்கும் காசு முதல் நாளே கடன். அதற்கு இந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது.

வட்டியில்லாத் தவணைக் கொள்வனவுதான் சிக்கல். இந்த மாதத் தவணை கைமாற்றில், மிச்சம் கடன் நிரலில் என்று நினைக்கிறேன். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கோ.