லோடு ஏற்றினால் இழுவை போகிறது, டீசல் லைனில் காற்று
அண்ணன்மார்களே, பழைய 6 சிலிண்டர் லாரி, இன்லைன் பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் மெயின் பம்ப்). சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் மலைப்பாதை ஏறும்போது இழுவை குறைந்துகொண்டே வந்து இன்ஜின் நின்றே விடுகிறது. ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடித்தால் நுரையாகக் காற்று வரும், அப்புறம் சுத்தமான டீசல் வந்ததும் அடுத்த மேடு வரை நன்றாக ஓடும். இரண்டு ஃபில்டரும் வாஷர்களும் மாற்றியாச்சு. டேங்க் மூடியைத் திறந்து ஓட்டினாலும் அப்படியேதான். கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சின்ன பம்ப்) ஹோஸ் கொடுத்தபோது ஒரு குமிழிகூட இல்லை, ஆனால் அது வண்டியை நிறுத்திவைத்துப் பார்த்தது. வெளியே கசிவும் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் கசிவு தெரியாதுதானே? டேங்குக்குள் இறங்கும் குழாயில் விரிசலா, ஃபீட் பம்ப் வால்வா? மெக்கானிக் மெயின் பம்பையே இறக்கச் சொல்கிறார், பெரிய செலவு. அதற்கு முன் லோடில் எப்படிச் சோதிப்பது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.