வட்டிக்குச் சட்ட உச்சவரம்பு: மதுரைப் பக்கத்தில் நேரில் கண்டதை எழுதுங்கள்

பூச்சந்தை மகள்:

வட்டிக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டுமா, வைத்தால் எல்லோருக்கும் ஒன்றாக வைக்க வேண்டுமா என்று நாம் பேசாத நாளில்லை. கருத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் எழுதலாம் என்று இதைத் தொடங்குகிறேன். தண்டல், ரன் வட்டி, மீட்டர் வட்டி என்பவற்றை இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் அம்மா மாட்டுத்தாவணியில் பூ எடுத்து, தெற்குமாசி வீதிப் பக்கம் கட்டி விற்பவர். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தண்டலில் 10,000 ரூபாய் வாங்கினார். பிடித்தம் 1,500 போகக் கையில் வந்தது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் நான் கூடையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அட்டையை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் "முருகன் துணை" என்ற அச்சு. அதன் கீழே ஒன்று முதல் நூறு வரை கட்டங்கள். கட்டிய நாளுக்கெல்லாம் பச்சை மையில் ஒரு கீற்று. கொடுத்தவர் பெயர் இல்லை, கொடுத்த தொகை இல்லை, வட்டி என்ற சொல்லே இல்லை. பூவில் தண்ணீர் தெளித்த கையோடு எடுத்து எடுத்து, ஒரு வரிசை முழுவதும் மை கரைந்து போயிருந்தது. "இந்த வரிசை தெரியலையே, கட்டலைன்னு யாராவது சொன்னா என்ன செய்யிறது?" என்று வசூலுக்கு வந்தவரிடம் கேட்டேன். "எங்க நோட்டுல இருக்கும்மா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அந்த நோட்டை அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

குறைந்துவரும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவில் வருகிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உச்சவரம்பு இருக்கிறது, அதை மீறியதற்கான சான்று மட்டும் அந்த அட்டையில் ஓரெழுத்தும் இல்லை.

செல்லூர்த் தறிவீடு:

எங்கள் தெருவில் தண்டல் குறைந்துவிட்டது, குழுக்கடன் வந்துவிட்டது. இதில் அச்சிட்ட தாள் உண்டு, நிறுவனத்தின் பெயர் உண்டு, ரசீதும் உண்டு. ஆனாலும் ஒரு காலைக் கூட்டம் இன்னும் என்னை உறுத்துகிறது.

கோயில் திண்ணையில் குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஓர் அக்கா வரவில்லை. தறியில் ஏற்றும் பாவு நூல் வராததால் அவர் வீட்டில் அந்த மாதம் தறி ஓடவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தவணையை மற்றவர்கள் சேர்த்துக் கட்டும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று களப்பணியாளர் சொல்லிவிட்டார். அந்தத் தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய நேரம். சுருக்குப் பையிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் எடுத்துச் சேர்த்தோம். அவர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓரம் கிழிந்த ஒரு நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "இது செல்லாதுக்கா, வேற குடுங்க" என்றார். எழுபது வயதைத் தொட்ட பாட்டி ஒருவர் கொடுத்த நோட்டு அது. பாட்டி அதை வாங்கி, மடித்து, மறுபடியும் விரித்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பெண் தன் மகளின் வேன் பணத்தை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

எங்கள் குழுக்கடன் போன்ற நுண்கடன் தருகிற வங்கியல்லாத நிறுவனங்களுக்கு 2011 முதல் ரிசர்வ் வங்கி வைத்திருந்த வட்டி வரம்பு 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. வட்டி கந்துவட்டியாக இருக்கக் கூடாது என்கிறார்களே தவிர, எண் எதுவும் சொல்லவில்லை. எண் இல்லாத வரம்பை நாங்கள் எந்தத் திண்ணையில் எடுத்துக் காட்டுவது?

பழைய கணக்கர்:

அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. இருந்தாலும் வரம்பு வைத்தால் தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோது, சிம்மக்கல்லில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒருவர் 30,000 ரூபாய் கேட்டு வந்தார். வாடகை ஒப்பந்தம் இல்லை, வரவு செலவுக் கணக்கும் இல்லை. விதிப்படி விண்ணப்பம் திரும்பியது. அடுத்த வாரமே அவர் கடை வாசலில் மீட்டர் வட்டிக்காரரின் வண்டி நின்றதை நானே பார்த்தேன். சிறு கடனுக்கு ஆகும் நடைச் செலவு அதிகம். வட்டியை அடித்துக் குறைத்தால் முறையான நிறுவனம் சிறிய ஆளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும். ஆந்திரத்தில் 2010 அக்டோபரில் நுண்கடனைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் வந்ததும் நுண்கடன் வசூல் நின்றது, புதுக்கடனும் நின்றது; மக்கள் மறுபடி தனியாரிடம் போனார்கள்.

ஆகவே வரம்பைப் பேசுவதைவிட உள்ள உரிமையைப் பயன்படுத்துங்கள். முதலில், "12 சதவீதம் ஃபிளாட்", அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி, என்று யாராவது சொன்னால் அதை 12 என்று நினைக்காதீர்கள். 40,000 ரூபாயை இரண்டாண்டுக்கு அந்தக் கணக்கில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,067. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி 22-ஐ நெருங்குகிறது. அதன் மேல் பரிசீலனைக் கட்டணமும் காப்பீடும் சேரும். இவை எல்லாவற்றையும் கூட்டி ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நுண்கடன் என்றால் அது உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டுமானால் அந்தக் கடனைக் கொடுத்ததே விதிமீறல். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பூச்சந்தை மகளுக்கு ஒன்று. தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்து, 2025-இல் 15,000 ஆகியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து 25,000, 50,000 கிடைக்கும். 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை அம்மாவிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். பிள்ளைகள் பெயரில் கல்விக் கடன் கேட்கத் தயங்காதீர்கள். நகையை அடகு வைப்பதானால் எடையும் தரமும் எழுதிய சீட்டில்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். வெற்றுக் காசோலை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

கே.கே. நகர் வழக்குரைஞர்:

ஐயா சொன்ன கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என் வழக்கு. வில்லாபுரத்தில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவர் என் கட்சிக்காரர். வாங்கியது 50,000 ரூபாய், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. வட்டியாகவே அசலுக்கு மேல் கட்டியிருந்தார். கடைசியில் அவர் மேலேயே பணவசூல் வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் காட்டப்பட்ட புரோநோட்டில் தொகை 2 லட்சம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், யாரும் குறை சொல்ல முடியாத விகிதம். கூண்டில் ஏறியவரிடம் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அந்தத் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வருவாய் முத்திரையின் மேல் போட்ட கையெழுத்து கறுப்பு மையில் மங்கியிருந்தது. தொகை நீல மையில் பளிச்சென்று இருந்தது. "கையெழுத்து என்னுதுதாங்கய்யா, நான் போட்டப்ப மேல ஒண்ணுமே எழுதலைங்கய்யா" என்றார். அந்தப் பதிலின் முன்பகுதி மட்டுமே வழக்குக்குப் போதுமானதாக இருந்தது. முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்றுத் தாளை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது. பணமோ வேறு பயனோ கைமாறாகப் பெற்றுத்தான் எழுதிக் கொடுத்தார் என்று 118-ஆம் பிரிவு ஊகிக்கிறது. மறுத்து நிரூபிக்கும் சுமை பட்டறைக்காரர் தலையில்.

வரம்பு தனியார் வட்டிக்காரரைக் கட்டுப்படுத்தும்போது, கூடுதல் வட்டி அசலாக வேடம் மாறித் தாளில் ஏறுகிறது. பதிவு பெற்ற நிறுவனங்களுக்கோ மாநில வரம்பே கிடையாது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கேரளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வழக்குகளில் தீர்ப்பளித்தது. வங்கி வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்க முடியாதபடி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21-ஏ பிரிவு இருக்கிறது. கடன் அட்டை வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துசெய்துவிட்டது. ஆகவே, உள்ள உரிமையைப் பயன்படுத்துங்கள் என்று ஐயா சொல்லும்போது, அதிக வட்டியை எதிர்க்கும் உரிமை அந்த உரிமைகளில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய வலுக்கட்டாய வசூல் தடுப்புச் சட்டத்தில் சிறையும் அபராதமும் வைத்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அதன் குறி வசூலிக்கும் முறை. விகிதத்தை அது தொடவில்லை.

பெரியாறு பாசனம்:

அலங்காநல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிறோம். வரம்பு வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நகைக்கடன் கெடு முடிந்தபோது, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாது, அசலோடு முழுதும் கட்டி மீட்டால்தான் மறு அடகு என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு அன்றைக்கு எங்கே போவது? வங்கி வாசலில் வேப்ப மரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். அவரே என்னோடு உள்ளே வந்து பணத்தைக் கட்டினார். நகைப் பொட்டலம் வெளியே வந்ததும் அவர் கை என் மனைவியின் தாலிக்கொடி மேல் இருந்தது, மறுநாள் மறுபடி அடகு வைத்துப் பணம் கைக்கு வரும்வரை. ஆண்டுக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 365. பெயர் சொன்னால் மீட்டர் வட்டிதான், குற்றம்தான். அவர் இல்லையென்றால் நகை ஏலத்துக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. அந்த மனிதரை உள்ளே தள்ளுவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரை அந்த மரத்தடியில் நிற்க வைத்த விதியை மாற்றினால் போதும்.

செல்லூர்த் தறிவீடு:

பாசனம் அண்ணன் சொல்வது அந்த ஒரு நாள் நெருக்கடிக்குச் சரி. எங்கள் கடன் இரண்டு வருஷக் கடன்; நெருக்கடியைச் சாக்காக வைத்து அந்த விகிதத்தை நியாயப்படுத்த முடியாது.

கணக்கர் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. ஆந்திரச் சட்டம் வட்டியை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் மாவட்டத்தில் பதிவுசெய்ய வேண்டும், வாரத் தவணை கூடாது, ஏற்கெனவே கடன் உள்ள குழுப் பெண்ணுக்கு மறுகடன் கொடுக்க முன் அனுமதி வேண்டும் என்று பல கட்டுகளை ஒன்றாகப் போட்டது. கடன் நின்றதற்கு வட்டி வரம்பைக் காரணம் காட்டுவது பொருந்தாது. அதற்கடுத்த ஆண்டே ரிசர்வ் வங்கி நாடு முழுவதற்கும் 26 சதவீதம் என்று வரம்பு வைத்தது. பிறகு நிறுவனம் கடன் வாங்கும் செலவோடு இணைத்து அதை மாற்றியது. வரம்பிருந்த அந்தப் பத்தாண்டில் நுண்கடன் நிறுவனங்கள் ஓடிப்போகவில்லை. எங்கள் தெருவுக்குள்ளேயே புதிது புதிதாக வந்தன. வரம்பை எடுத்த பின், 2024 அக்டோபரில், அளவுக்கு மீறி வட்டி வைத்ததற்காக நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கியே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

நீங்கள் சொன்ன விவரத் தாள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒரே நிறுவனம், ஒரே குழு, இரண்டும் 40,000 ரூபாய்க் கடன். 2021-இல் எழுதியதில் வட்டி 22 சதவீதம். 2023-இல் எழுதியதில் 26. இடையில் எங்கள் குழுவில் ஒரு தவணை தவறவில்லை.