கேம்ஷாஃப்ட்: நெம்புருள் தண்டா, முகட்டுத்தண்டா?

> ‘நெம்புருள் தண்டு’ என்றே இருக்கட்டுமே. ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள்.

ஐயா, வணக்கம்.

எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழியைத் திறந்து மூடும் வால்வுகளை இயக்க, கேம் எனும் புடைப்புகளோடு சுழலும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதற்குப் புழங்கும் சொல்லைக் கலைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் மாருதி 800 எஞ்சினுக்குப் புதுக் கேம்ஷாஃப்ட் மாட்டும் செய்முறையை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் இடறியது. நெம்புவதற்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், கடப்பாரையைப் பாருங்கள். இந்த எஞ்சினில் நெம்புவது ராக்கர் என்ற சிறு கை. அதன் ஒரு முனை மேலே போக, மறுமுனை வால்வை அமுக்குகிறது. கேம் சுழன்று வந்து முட்டித் தூக்குகிறது, அவ்வளவுதான். நெம்புவதைக் கேமுக்குக் கொடுத்துவிட்டால் ராக்கருக்கு என்ன மிஞ்சும்?

என் முன்மொழிவு முகட்டுத்தண்டு. புடைத்து நிற்பது முகடு. எதிர்ப்புறத்து வட்டப் பகுதி அடிப்பகுதி. மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. வால்வுகளுக்கென்று ஆறு முகடு. வேலைக்குள் போட்டுப் பார்க்கிறேன்:

“புது முகட்டுத்தண்டின் முகடுகளிலும், தண்டு உட்கார்ந்து சுழலும் இடங்களிலும் எஞ்சின் ஆயில் தடவிச் செருகவும். முகட்டுத்தண்டு, வணரித்தண்டு (கிராங்க்‌ஷாஃப்ட்) இரண்டின் பல்சக்கரங்களிலும் உள்ள குறிகளை நேர்ப்படுத்தி, அவற்றை இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாட்டவும். வணரித்தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றவும். முகட்டுத்தண்டு ஒரு சுற்று சுற்றி, குறிகள் பழைய இடத்துக்கே வர வேண்டும். அடிப்பகுதி ராக்கரை நோக்கி இருக்கும்போது வால்வு இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை) அளக்கவும். முகடு ராக்கரை நோக்கி இருக்கும்போது அளக்கக் கூடாது.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். பழைய சொல்லை வைத்து எழுதினால், ‘நெம்புருளின் புடைத்த முனை ராக்கரை விட்டு விலகியிருக்கும் நிலையில்’ என்று இழுக்கிறது. கிரீஸ் கையோடு படிப்பவருக்கு அது ஆகாது. பட்டறையில் “கேம் தேஞ்சிருச்சு” என்கிறார்களே, தேய்ந்தது முகடுதான். அதனால்தான் வால்வு முழுசாகத் திறக்காமல் வண்டியின் இழுவை குறைகிறது.

> முகடு என்றால் கூரை நினைவுக்கு வருமே?

வரட்டும். தச்சர் சொல்வது முகட்டுவளை, தண்டு என்பதில்லை. மலைக்கும் அலைக்கும்கூட முகடு உண்டு, எல்லாம் ஒரே பொருள்தான். கிராங்க்‌ஷாஃப்டுக்கு வணரித்தண்டு என்கிறோம். வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டைச் சங்கப் புலவர்கள் வணர்கோடு என்றார்கள். அந்தப் பெயர் உருவத்தைச் சொல்வதால் பார்த்ததும் பிடிபடுகிறது. முகட்டுத்தண்டும் அப்படித்தான்.

ராக்கருக்கு ‘நெம்பி’ என்று வைக்கலாமா? அது முடிவானால் வால்வு இடைவெளிப் பகுதியை இன்றிரவே திருத்தி அனுப்புகிறேன்.